மத்திய அழுத்தம்

பெங்களூரில் நடைபாதைப் பராமரிப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. அங்கே இனிமேல் யாரும் கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று இயக்குநர் மமதா ஆணையிட்டார். கையில் பார்ப்பது பழைய நாகரிகமாம். இதயத்தை ஒட்டிய பெருங்குழாயில் உள்ள அழுத்தத்துக்கு மத்திய அழுத்தம் என்று பெயர்; மாரடைப்பு வருமா வராதா என்பதை அதுதான் இன்னும் சரியாகச் சொல்லும் என்று ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தார்.

கண்காணிப்பாளர் எத்திராஜுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபம் சங்கத் தலைவர் நாகேஷுக்கு. நாமெல்லாம் மாநில ஊழியர்கள், நமக்கு எப்படி மத்திய அழுத்தம் பொருந்தும் என்று மதியம் வரை வாசலில் முழக்கமிட்டார். சாப்பிட்டுவிட்டு யோசித்தபோது, மத்திய ஊழியருக்குக் கிடைக்கும் எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பட்டது. மாலையில் முழக்கம் மாறியது. மத்திய ஊழியருக்கு இணையான அழுத்தம் எங்களுக்கும் வேண்டும். கோரிக்கை பரிவுடன் ஏற்கப்பட்டது.

மணிக்கட்டு நாடியில் கருவியை வைத்து, அந்தத் துடிப்பிலிருந்து மத்திய அழுத்தத்தைக் கணக்கிட டாக்டர் டென்சில் வந்தார். கையில் காட்டுவதைவிட மத்திய அழுத்தத்தின் மேல் எண் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும், அது உடம்பின் இயல்பு என்று சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் விழவில்லை. ஒரே காலையில் வாரியம் முழுவதன் அழுத்தத்தையும் குறைத்த சாதனைக்காக மமதா எல்லாருக்கும் மைசூர்பாகு வழங்கினார்.

எத்திராஜுக்கு மட்டும் குறையவில்லை. டென்சில் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தக் குழாய் விறைச்சுப் போயிருக்கு சார். கையில பார்த்தா பரவாயில்லைன்னு தோணும், உள்ளே அப்படி இல்ல. மாத்திரை போடணும், நடக்கணும், உப்பைக் குறைக்கணும். விளையாட்டா விட்டுடாதீங்க."

எத்திராஜ் பாதி தின்ற மைசூர்பாகைக் காகிதத்தில் மடித்தார். மனைவி ரத்தினம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவர் கலங்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் அழைத்தார்.

"வாரியத்தோட சராசரியை நீங்க ஒருத்தரே கெடுக்கறீங்க எத்திராஜ். ஸ்வல்ப, கொஞ்சமாவது ஒத்துழைங்க."

"நான் என்ன மேடம் பண்றது, அது உள்ளே இருக்கு."

"அதனாலதான் உங்களை வெளியே அனுப்பறேன்."

அத்திபெலே கிளைக்கு மாற்றினார்கள். அந்தக் கிளைக்கும் ஒரு சராசரி இருந்ததால் மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். எந்த அலுவலகத்தின் கணக்கிலும் வராதிருக்கும் பொருட்டு, சம்பளத்தோடு வீட்டில் இருக்குமாறு எத்திராஜ் பணிக்கப்பட்டார்.

ரத்தினம்மாள் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றினாள். அவர் மாத்திரை போட்டார், நடந்தார், மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். மறுபடி பார்த்தபோது டென்சிலே நம்பாமல் கருவியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அழுத்தம் அழகாக இறங்கியிருந்தது.

எதனால் என்று மமதா விசாரித்தார். மாத்திரையும் காரணம், உப்பும் காரணம், ஆபீசுக்கு வராததும் காரணம் என்றார் டென்சில். முதல் இரண்டுக்கும் நிதி ஒதுக்கீடு கிடையாது. மூன்றாவது சிகிச்சை உடனே எல்லா ஊழியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வாரியத்துக்குப் பூட்டுப் போட்டார்கள்.

பூட்டிய விஷயம் நடைபாதைகளுக்குத் தெரியவில்லை. அவை எப்போதும்போலவே கிடந்தன. ஆனால் விவேக் நகரில் டென்சில் முகாம் போட்டபோது பொதுமக்களின் அழுத்தமும் இறங்கியிருந்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு வாரியத்துக்கு அலைகிற வேலை ஒழிந்ததே.

மமதா பூரித்துப்போனார். அழுத்தம் குறைந்த குடிமக்கள் அனைவருக்கும் சாந்தச் சான்றிதழ் வழங்கப்படும், நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். பூட்டுத் திறந்தது.

அந்தச் சான்றிதழ் எதற்கு உதவும் என்று ஒருவரும் கேட்கவில்லை. விடியும் முன்பே வரிசை தெருமுனை தாண்டியது. டோக்கன் தீர்ந்தது, சர்வர் படுத்தது, ஜெராக்ஸ் கடையில் அடிதடி. ஊழியருக்குத் தனி வரிசை கேட்டு நாகேஷ் கத்திக்கொண்டிருந்தார்.

வரிசையின் தலையில் எத்திராஜ் நின்றார். குறுக்கே நுழைந்த ஒருவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார்:

"யோவ், இங்கே இருக்கிறவங்கள்லயே ரொம்ப சாந்தமான ஆள் நான்தான். பின்னாடி போ."