யானைப்பல்லாரின் கரிக்கோடு

அந்தக் காலத்து மலாக்காவில் பல் தெரியச் சிரித்த தமிழர்களில் பாதிப் பேர் யானைப்பல்லாரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள். மீதிப் பாதி, அவர் கையில் சிக்காமல் தப்பித்த சந்தோஷத்தில் சிரித்தவர்கள். மூன்றாவது வகை என்று எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். குறடும் கையுமாக நிற்பவரிடம் போய் யார் பெயர் கேட்பது? கஜா பெராங்கில் ஒரு சைக்கிள் கடைக்கும் ஒரு கோப்பிக் கடைக்கும் நடுவில் சாய்வு நாற்காலி ஒன்று, ரசம் போன கண்ணாடி ஒன்று, எச்சில் துப்ப ஒரு வாளி. இவ்வளவுதான் அவருடைய ஆஸ்பத்திரி. கஜா பெராங் என்றால் மலாயில் சினம் கொண்ட யானை. அந்தப் பெயருக்காகவே அங்கே கடை போட்டதாகச் சொல்லிக்கொள்வார். வாடகை குறைவு என்பது வீட்டுக்காரர் சொன்ன காரணம்.

அவருடைய படிப்பு சயாமில் முடிந்தது. ஜப்பான்காரன் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போன கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே மரம் இழுத்த யானைகளில் ஒன்றுக்குத் தழை வெட்டிப் போடும் வேலை அவருக்கு வாய்த்தது. மற்றக் கூலிகளோடு கொட்டகையில் படுக்காமல் யானையோடு காட்டில் படுத்தார். கொட்டகைக்குள் புகுந்த காலரா காடு வரை வரவில்லை. ஒரு நாள் மரம் உருண்டு விழுந்து யானையின் வலது தந்தத்து நுனி பிளந்தது. பிளவு வேருக்கு ஏறினால் யானை செத்துப்போகும். அதற்கு முன்பே, வேலைக்கு ஆகாது என்று சோல்ஜர் சுட்டுவிடுவான். இவர் ஒரு ரம்பத்தை எடுத்து, பிளந்த நுனியோடு ஒரு சாண் தந்தத்தை அறுத்துவிட்டு, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். யானை அசையாமல் நின்றதாம்.

சண்டை முடிந்து திரும்பியபோது அவர் கையில் அந்த ஒரு சாண் தந்தம்தான் இருந்தது. யானைப் பல்லையே அறுத்தவனுக்கு மனுசப் பல் எம்மாத்திரம் என்று, தெங்கேராவில் ஒரு சீனப் பல்காரரிடம் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்துவிட்டுக் கடையைத் திறந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் ஒரு தந்தம் தெரியும். கரியால், அசல் அளவில் வரைந்தது. வருடா வருடம் பொங்கலன்று அதன் நுனியில் நாலு விரல்கடை நீட்டுவார். அந்த யானைக்கு ராசா என்று பெயர் வைத்திருந்தார். ராசாவின் தந்தம் சயாமில் இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. தந்தம் என்பது யானையின் மேல்வரிசை முன்பல், மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்திருக்கும், நுனியில் உயிர் இல்லை, வேரில்தான் இருக்கிறது, அந்த வேர் இருக்கும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்றெல்லாம் வாயைப் பிளந்து கிடப்பவர்களுக்குப் பாடம் நடத்துவார். மறுத்துப் பேச யாருக்கும் வாய் காலியாக இருக்காது. பௌர்ணமியில் வேகமாக வளரும் என்றும் சொல்வார். அதை இதுவரை எந்த யானையும் உறுதிப்படுத்தவில்லை.

“யானை தன் பல்லால மரம் தூக்குது, பட்டை உரிக்குது, மண்ணு நோண்டித் தண்ணி எடுக்குது. அசதியா இருந்தா தும்பிக்கையைத் தூக்கி அது மேலயே போட்டுக்கிட்டு நிக்குது. அதே பல்லை வெள்ளைக்காரன் பந்தா உருட்டி, பச்சை மேசையில கோலால தட்டி விளையாடுறான். சீப்புப் பண்றான், பியானோவுக்குக் கட்டை பண்றான். ஒன் பல்லை யாராச்சும் கேட்டாங்களா? புடுங்கிப் போடுறதுக்கு ஏன் இவ்ளோ அழுவுறே?”

காட்டு யானை தன் தந்தத்தைத் தானே தேய்த்துக்கொள்ளும். கட்டிப்போட்ட யானைக்கு மனிதன்தான் அவ்வப்போது நுனியை அறுத்துவிட வேண்டும். ராசா உயிரோடு இருக்கிறதா, இருந்தால் யார் அறுத்துவிடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. கரிக்கோடு கண்ணாடியைத் தாண்டி, காலண்டருக்குக் கீழே புகுந்து, வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தொட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“அதுக்கு மேல விடக்கூடாது தம்பி. நான்தான் போவணும்.”

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊர் முழுக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்த மாதம் அது. நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். தெங்கேராவில் எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்தாயிற்று. அந்தப் பூரிப்பில் சைக்கிள் மிதித்துப் போனவன், சுவரில் ஒட்டியிருந்த சர்க்கஸ் விளம்பரத்தைப் பார்த்தேன். சயாம் நாட்டுக் கொம்பன் யானை, படத்தில் ஒரு கொம்பு மட்டும் குட்டை. அதையே பார்த்தபடி போய் விளக்குக் கம்பத்தில் மோதினேன். கம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் முன்பல் சாலையில் கிடந்தது.

நாற்காலியில் என்னைச் சாய்த்து, மிச்சமிருந்த வேரைக் குறடால் பிடித்த யானைப்பல்லார், அந்த விளம்பரத்தைப் பற்றி நான் உளறியதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். குறடு என் வாயிலேயே இருந்தது.

“எந்தக் கொம்பு குட்டை?”

குறடோடு என்னால் முடிந்த வரை வலது என்றேன். அவர் முகத்தை நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. குறடு வாயில் இருந்த பயத்தில் அதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. வேரைப் பிடுங்கிப் போட்டவர், பல் கட்ட வேண்டுமென்றால் தன்னோடு சர்க்கஸுக்கு வர வேண்டும் என்றார். எதற்கு நான் என்றேன்.

“அது ராசாவா இருந்தாலும் பயமா இருக்கு. இல்லாட்டியும் பயமா இருக்கு. கூட ஒரு ஆள் இருந்தா தேவலாம்.”

மறுநாள் காலை ஆளுக்கொரு சைக்கிளில் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். கோட்டுப் போட்டிருந்தார். இறங்கியதும் கக்கத்தில் கரும்புக்கட்டு, ஒரு கையில் சிவப்புத் துணியில் சுற்றிய அந்த ஒரு சாண் தந்தம். கூடாரத்துக்குப் பின்னால் யானை நின்றது. அதைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே வீட்டுக்குத் திரும்ப முடிவெடுத்தன. அவர் மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார், என்னைத் தடுக்கவா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை.

தூரத்தில் நின்றே சயாம் பாஷையில் ஏதோ ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டார். யானை திரும்பியது. கரும்போடு யார் கூப்பிட்டாலும் யானை திரும்பும் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கே புல்லரித்தது. அவர் கிட்டே போனார். வலது தந்தத்தின் மீது கையை வைத்தார். கை அங்கேயே நின்றது. பிறகு விரல் முட்டியால் தட்டினார். டொக் டொக் என்றது.

“தம்பி, இது கட்டுப்பல்லு.”

மரத்தில் செதுக்கிச் சுண்ணாம்பு பூசி, தோல்வாரால் வாயோடு கட்டியிருந்தார்கள். அது பெண் யானை. நம் பக்கத்துப் பெண் யானைகளுக்கு வெளியே நீட்டும் தந்தம் கிடையாது. யானைக்காரர் ஒரு மலையாளி. கொம்பில்லாத யானையைப் பார்க்க எவன் வருவான் என்று எங்களையே கேட்டார்.

எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. ஊருக்கெல்லாம் பொய்ப்பல் கட்டியவர் ஒரு பொய்ப்பல்லை நம்பிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஆனால் அவர் சிவப்புத் துணியை மெல்லக் கோட்டுப் பைக்குள் திணித்ததைப் பார்த்தேன். சிரிப்பு வந்த வழியே இறங்கிப் போய்விட்டது.

அப்போதுதான் யானையின் உதட்டோரம் தோல்வார் உரசிப் புண்ணாகியிருந்தது அவர் கண்ணில் பட்டது. கஜா பெராங் என்ற பெயருக்கு அன்றைக்குத்தான் பொருத்தம் பார்த்தேன். ஈறு நோகப் பல் கட்டுகிறவனெல்லாம் ஒரு மனுசனா என்று மலையாளியை அவர் பிடித்த பிடியில், அந்த ஆள் தானே வாரை அவிழ்த்துக் கொடுத்தார். கடைக்கு ஓடி அரமும் மருந்தும் ரப்பர் ஷீட்டும் கொண்டுவரும் வேலை எனக்கு. மரக்கொம்பின் அடியைத் தேய்த்து, ரப்பர் மெத்தை வைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, ஆற ஒரு வாரம் கட்டக் கூடாது என்று உத்தரவும் போட்டார். மலாக்காவில் யானைக்குப் பல் செட் சரிபார்த்த ஒரே மனிதர் அவர்தான். அவ்வளவு நேரமும் கரும்பைக் காட்டி யானையைப் பராக்குப் பார்க்க வைத்தவன் நான். கரும்பு தீர்ந்ததும் தும்பிக்கை என் முகத்துக்கு வந்தது. என் வாயில் பல் போன ஓட்டையை ஊதி ஊதி முகர்ந்தது. சக நோயாளி என்று நினைத்திருக்கும். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமி பெயரும் அன்றைக்கு உபயோகமானது.

திரும்பும்போது சைக்கிளை ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். வழியில் ஒன்றே ஒன்று சொன்னார்.

“எங்க கூட்டத்துல உசிரோட மிஞ்சினது நாங்க ரெண்டு பேருதான் தம்பி. நானும் ராசாவும்.”

இரண்டு நாள் கழித்து என் பல்லை மாட்டிவிட்டார். மற்ற பற்களைவிடக் கொஞ்சம் மஞ்சள். மேசையில் சிவப்புத் துணி பிரிந்து கிடந்தது. ஒரு சாண் தந்தம் சற்றுக் குறைந்திருந்தது. நான் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“அறுத்தது அறுத்ததுதான். இது இனிமே வளராது. வளர்றது அங்க வளரும். சும்மா துணிக்குள்ள கிடக்குறதுக்கு ஒரு வாய்ல இருந்து சிரிக்கட்டுமே.”

பெண் பார்க்கப் போன இடத்தில், பல் கேசரிக்குள் விழுந்துவிடுமோ என்ற நடுக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அடக்கமான பையன் என்று முடிவு செய்துவிட்டார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து என் மனைவி இன்னும் மீளவில்லை.

சுதந்திரம் வந்து அடுத்த பொங்கலுக்குக் கரிக்கோடு கதவுச் சட்டத்தைத் தொட்டது. அந்த வாரமே கடையில் பூட்டு தொங்கியது. ரம்பத்தையும் அரத்தையும் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வடக்கே ரயிலேறினார் என்றார் கோப்பிக் கடைக்காரர். அப்புறம் ஒரு சேதியும் இல்லை. இப்போது அங்கே துணி துவைக்கும் மெஷின் விற்கிறார்கள். சுவருக்கு நீலச் சாயம் அடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் கதவுச் சட்டத்தைத் தடவாமல் என்னால் வர முடிவதில்லை. கடைப் பையன்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் பண்டார் ஹிலிரில் ஒரு பல் டாக்டரம்மா, இந்த மஞ்சள் பல்லை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாமா அங்கிள் என்று கேட்டார். வாயை இறுக மூடிக்கொண்டேன். வேரை விட்டுப் பிரிந்த தந்தம் வளராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பொங்கலன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று, விரலை வைத்து ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்கிறேன்.