இருபத்தேழு கடிதங்களும் ஓர் அஞ்சலட்டையும்

"மாதா படத்தை ஒரு முழம் தள்ளி மாட்டினா இடம் கிடைக்கும்னு—"

"மாதாவைத் தள்ளுறதா? நிம்ஃபா, உனக்குப் புத்தி—"

"என்னைப் பேச விடுங்க, தோன் பாசிலியோ! ஒரே ஒரு முழம்—"

"ஒரு விரற்கடைகூட முடியாது! ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம். காக்குப்பே மாதாவை நகர்த்திட்டுப் போய் இறுதி ஆட்டம் ஆடின சங்கம் இந்தப் பராகுவே நாட்டுல உண்டா?"

"அப்ப இதை எங்க மாட்டுறது? கழிப்பறையிலயா?"

நிம்ஃபா கையில் ஆட்டிக்கொண்டிருந்தது அன்று காலைத் தபாலில் வந்த ஓர் அஞ்சலட்டை. அவள் எங்கள் சங்கச் செயலாளர். சந்தைக்கு எதிரே சீபா ரொட்டி சுடுகிறாள். பாசிலியோ தலைவர், மருந்துக்கடைக்காரர்; 'தோன்' என்பது எங்கள் ஊரில் பெரியவர்களுக்குப் போடும் மரியாதைச் சொல். சங்கத்துக்கு வரும் ஜப்பானிய எழுத்து எதுவாக இருந்தாலும் அதைச் சட்டம் போட்டு மாட்டுவது என்பது செயற்குழுவின் நிலையான தீர்மானம். ஏற்கெனவே இருபத்தேழு மாட்டியாகிவிட்டது. சுவரில் மிச்சமிருப்பது மாதாவும் மின்சாரப் பெட்டியும்தான்.

உலகக் கால்பந்து வரலாற்றில் எங்கள் சங்கம் தன் பயிற்சியாளரை மதித்தது போல வேறெந்தச் சங்கமும் மதித்ததில்லை என்பதை இந்த இடத்தில் பணிவோடு பதிவு செய்கிறேன். மற்ற ஊர்களில் அணி தோற்றால் பயிற்சியாளரைத் துரத்துவார்கள். நாங்கள் அவர் கையெழுத்தைச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டினோம். கடிதம் சுவரில் மாட்டியது. எழுதியவர் எங்களிடம் மாட்டினார்.

எங்கள் சங்கத்தின் பெயர் 'நவம்பர் முப்பத்தொன்று'. தொடக்கக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அன்றைய தேதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பதினாறு பேர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நவம்பருக்கு முப்பது நாள்தான் என்று யாரோ கண்டுபிடிப்பதற்குள் நுழைவாயில் கல்லில் வெட்டியாகிவிட்டது. ஆண்டு விழா எப்போது என்று கேட்டால், "தேதி வந்ததும்" என்று பதில் சொல்வது எங்கள் மரபு.

இப்படிப்பட்ட பெருமைமிக்க நிறுவனத்துக்குத்தான் மூன்று வருடத்துக்கு முன் ஷிகேகி நூமாடா பயிற்சியாளராக வந்தார். ஜப்பானில் நீகாட்டா பக்கம், இரண்டாம் பிரிவில், இடது பின்களக்காரர். இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். வாழ்நாளில் ஒரு கோல். அதுவும் வேறொருவர் அடித்த பந்து இவர் முதுகில் பட்டு உள்ளே போனது. எதிரணிக் கோல்காப்பாளரிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாராம். பிறகு முழங்கால் போய், பயிற்சியாளர் படிப்புப் படித்து, பொலிவியாவில் ஒரு வருடம் உதவியாளராக இருந்து, எங்கள் மூன்றாம் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். மனைவியும் மூன்று வயது மகள் கோஹருவும் ஊரில். ஒரு வருடத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு வந்தவர்.

மொழிபெயர்ப்பாளர் நான். தோமி. என் பெற்றோர் கப்பலேறி வந்து இங்கே காடு திருத்தியவர்கள். வீட்டில் ஜப்பானியம் பேசி வளர்ந்தேன். எழுத்துப் படிப்பு மட்டும் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியோடு நின்றுவிட்டது. குழந்தைகள் எழுதும் எளிய எழுத்து வரும். பெரியவர்கள் எழுதும் கோடு நிறைந்த எழுத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: என் தம்பி பெயரை எழுதும் எழுத்து. தம்பி பெயர் சுசுமு. பொருள், 'முன்னே'.

முதல் ஆட்டம் ஆறுக்குப் பூஜ்யம். ஆறு எதிரணிக்கு. மறுநாள் நூமாடா கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பு ஒடிகிற அளவுக்குக் குனிந்தார். இரண்டு கையாலும் ஒரு வெள்ளை உறையை நீட்டினார். உறைமேல் தூரிகையால் மூன்று எழுத்து. மறுபடி குனிந்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன தோமி இது?"

"கடிதம்."

"அது எனக்கும் தெரியும். என்ன எழுதியிருக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் 'தெரியாது' என்றால் பதவியின் மாண்பு என்ன ஆவது? நல்லவேளையாக முதல் எழுத்து தம்பியின் எழுத்து.

"முன்னே" என்றேன்.

"முன்னேவா? ஆறு வாங்கினதுக்கு அப்புறமுமா?" பாசிலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா நிம்ஃபா, இதுதான்யா ஜப்பான்! நம்ம ஆளா இருந்தா நடுவர்மேல பழி போட்டிருப்பான்."

அடுத்த ஞாயிறு வடக்கிலிருந்து பெருங்காற்று. எங்கள் கோல்காப்பாளர் உதைத்த பந்து காற்றிலேயே போய் எதிர் வலையில் விழுந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். கடிதம் அன்றே சட்டத்துக்குப் போனது.

இரண்டாவது எழுத்துக்கு 'பின்னே' என்றும் மூன்றாவதற்கு 'கேட்கிறேன்' என்றும் பொருள் என்பதை எல்லாம் முடிந்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியை விடாமல் படித்த தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஜப்பானில் பொறுப்பில் இருப்பவர் தவறு நேர்ந்தால் மேலிடத்துக்கு இப்படி எழுதிக் கொடுப்பாராம்: நான் முன்னே போவதா, பின்னே விலகுவதா, நீங்களே சொல்லுங்கள். மேலிடம் 'இரு' என்றாவது சொல்ல வேண்டும், 'போ' என்றாவது சொல்ல வேண்டும். பதில் வரும்வரை எழுதியவர் இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்தால் அது ஓடிப்போனதாக ஆகிவிடும்.

எங்கள் மேலிடம் ஆணி அடித்தது.

நூமாடா அலுவலகத்துக்குள் வந்து சுவரைப் பார்த்தார். தன் குற்றத்தைப் பளபளக்கும் சட்டத்தில் எல்லோர் பார்வைக்கும் வைத்திருக்கும் நிர்வாகத்தின் கடுமையைக் கண்டு முகம் வெளுத்தார். சுவரைப் பார்த்து ஆழமாகக் குனிந்தார்.

"சங்கத்து வரலாறுக்குக் கும்பிடு போடுறாரு" என்றாள் நிம்ஃபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அதன்பின் தோற்றபோதெல்லாம் ஒரு கடிதம். கடிதம் வந்தால் அடுத்த ஆட்டம் வெற்றி என்று பாசிலியோ கணக்குச் சொல்ல ஆரம்பித்தார்; வராமல் வென்ற ஆட்டங்களை எண்ணவில்லை. முக்கியமான ஆட்டம் நெருங்கினால் என்னிடம் சாடை காட்டுவார்.

"தோமி, வாத்தியாரை ஒண்ணு எழுதச் சொல்லேன்."

"தோத்தாதானே எழுதுவாரு?"

"அப்ப புதன்கிழமை நட்பு ஆட்டம் ஒண்ணு வச்சு தோத்துருவோம்."

தோற்றோம். இதற்குத்தான் 'நூமாடா முறை' என்று பெயர். மருந்து வணிகர் மாநாட்டில் பாசிலியோ இதைப் பற்றி நாற்பது நிமிடம் உரையாற்றினார்.

உறையிலிருந்த எழுத்துகளைப் பார்த்து நிம்ஃபாவின் மைத்துனி சட்டைகளில் தைத்தாள். மூன்றாவது எழுத்துக்கு நெஞ்சில் இடமில்லை. ஆக, பதினோரு பேரும் 'முன்னே பின்னே' என்று மார்பில் எழுதிக்கொண்டு ஓடினார்கள், ஆடியதும் அப்படித்தான். நூமாடா அதைப் பார்த்தார். அன்று சாயங்காலமே இன்னொரு கடிதம் வந்தது.

செயற்குழுக் கூட்டத்தில் தெரெரே சுற்றும். குளிர்ந்த மூலிகைத் தண்ணீர், ஒரே கொம்புக் குவளை, கை மாறி மாறிப் போகும். போதும் என்கிறவர் குவளையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்பார். அதற்குமேல் அவருக்குக் கொடுக்க மாட்டோம். நூமாடா முதல் கூட்டத்தில் முதல் வாய் குடித்ததும் நெற்றி குவளையில் இடிக்கக் குனிந்து, "நன்றி" என்றார். மூன்று வருடம், நாற்பது டிகிரி வெயிலில், குவளை அவரைத் தாண்டியே போயிற்று.

"என்ன கட்டுப்பாடுய்யா! ஒரு வாய்க்கு மேல தொடுறதில்லையே!" என்று பாசிலியோ வியந்தார்.

இதை நூமாடாவிடம் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் தாகத்தை மொழிபெயர்ப்பது என் வேலைப்பட்டியலில் இல்லை.

கடிதம் கொடுத்த வாரங்களில் அவர் என்னைத் திடலோரம் நிறுத்திப் பேசுவார்.

"தோமி-சான், அந்த விஷயம்… மேலே ஏதாவது சொன்னாங்களா?"

"உங்கமேல ரொம்ப மதிப்பு வச்சிருக்காங்க, வாத்தியாரே. சுவரைப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்." தலை தொங்கியது. "பதில்னு ஒண்ணும்…"

"இதுக்குமேல என்ன பதில் வேணும்?"

"நீங்க சொல்றது சரிதான்" என்பார். திடலில் வைத்த பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்க நடந்துவிடுவார்.

பின்னால் தம்பி சுவரைப் படித்துச் சொன்னான். பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து மகள் வருகிறாளாம். பதினேழில் அவளுக்கு ஒரு பல் விழுகிறது. இருபத்து மூன்றில், தொலைபேசியில் அப்பா குரல் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு அம்மா பின்னால் ஒளிகிறாளாம். 'என் தனிப்பட்ட காரியத்தை எழுதியதற்கு மன்னிக்கவும்' என்று அதன்கீழ் ஒரு வரி. அந்த இருபத்து மூன்றுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. நீளமாக இருந்ததால் அரையிறுதிக்கு ஏற்றது என்று கோப்பை அலமாரிக்கு மேலே மாட்டினோம். அரையிறுதியில் வென்றோம்.

அப்படித்தான் இறுதி ஆட்டம் வந்தது, வென்றால் இரண்டாம் பிரிவு. அப்படித்தான் இந்த அஞ்சலட்டையும் வந்தது.

"இது வாத்தியார் கையெழுத்து மாதிரி இல்லையே" என்றார் பாசிலியோ, சண்டையை நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "கோணலா இருக்கு."

"புதுப் பாணி" என்றாள் நிம்ஃபா. "இறுதி ஆட்டத்துக்குன்னே எழுதினது. படம்கூடப் போட்டிருக்கு பாருங்க. சிவப்பா ஒரு பெட்டி."

"பெட்டியில்ல, கோப்பை! கோப்பை நமக்குத்தான்னு வரைஞ்சிருக்காரு! தோமி, படி."

வாங்கிப் பார்த்தேன். மொழிபெயர்ப்பாளர் பதவியில் மூன்று வருடத்தில் முதல்முறையாக, படித்தேன். எளிய எழுத்து. இரண்டு மூன்று எழுத்து திரும்பி நின்றது. எனக்கும் அந்த வயதில் அப்படித்தான் திரும்பும்.

"என்ன, முன்னேதானே?"

"இல்ல, தோன் பாசிலியோ. 'அப்பா'ன்னு இருக்கு."

"யாரு அப்பா?"

"நூமாடா. அவர் மக எழுதியிருக்கா. அவருக்கு வந்ததுங்க. நம்ம கதவுல போட்டுட்டாங்க."

"சின்னப் பொண்ணு ஆசீர்வாதமா? அது இன்னும் பலமாச்சே! படி, படி."

ஜன்னலுக்கு வெளியே நூமாடா பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மொழியில் அவருக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சொல் கேட்டது. "முன்னே! பின்னே! முன்னே! பின்னே!"

"'அப்பா, ஏப்ரல்ல எனக்குப் பள்ளிக்கூடம்'" என்று படித்தேன். "'சிவப்புப் பை வாங்கியாச்சு. உள்ள ஒண்ணும் இல்ல, ஆனாலும் கனமா இருக்கு. முதல் நாள் எல்லார் அப்பாவும் வருவாங்களாம்.'"

நிம்ஃபா நாற்காலியில் உட்கார்ந்தாள். பாசிலியோ குவளையை வாய்க்குக் கொண்டுபோனார்.

"'அவங்க போங்கன்னு சொன்னாத்தான் அப்பா வர முடியும்னு அம்மா சொன்னாங்க. போகவா இருக்கவான்னு நீங்க இருபத்தேழு தடவை எழுதிக் கேட்டீங்களாம்.'"

குவளை பாதி வழியில் நின்றது.

"என்ன கேட்டாரு?" என்றார் பாசிலியோ. "எப்பக் கேட்டாரு? நம்மகிட்ட எதுவும் கேட்கலையே!"

யாரும் சுவரைப் பார்க்கவில்லை. இருபத்தேழு சட்டங்கள் உள்ள அறையில் சுவரைப் பார்க்காமல் இருப்பது எளிதல்ல. எங்கள் செயற்குழு அதையும் சாதித்தது.

"தோமி" என்றாள் நிம்ஃபா மெல்ல, "நீ முன்னேன்னுதானே சொன்ன?"

"அவ்வளவுதானே? முடிஞ்சுதா?" என்றார் பாசிலியோ.

"இன்னும் ஒரு வரி இருக்கு. வேண்டாம்."

"பரவாயில்ல, படி. ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டம், அரைகுறையா விடக் கூடாது."

அந்த வரியில் எல்லா எழுத்தும் நேராகவே இருந்தது.

"'அப்பா, அந்த ஊர்ல யாருக்குமே படிக்கத் தெரியாதா?'"