ஜெராம் பனியில் ஒரு மடக்கு சைக்கிள்

"இது சைக்கிளா, இல்ல வேற எதாச்சுமா? திரும்ப ஒருக்கா விரிச்சுக் காட்டுங்க!"

ஜெராம் மீனவக் கிராமத்துக்குப் போகும் சாலைச் சோதனைச் சாவடியில் பெர்னாட் மூன்றாவது முறையாகச் சைக்கிளை விரித்தான். மலாயாவில் அவசரகாலம். பையில் ஒரு பிடி அரிசி இருந்தாலே, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டுபோவதாக ஆளை உள்ளே தள்ளிவிடுவார்கள். பாதியாக மடங்கும் வண்டியைப் பார்த்தால் சும்மா விடுவார்களா?

"பொண்ணு பாக்கப் போறேன் சார். நேரமாச்சு."

"இதுலயா?" காவலர் பரிதாபப்பட்டு வழிவிட்டார்.

சாப்பாட்டுத் தட்டு அளவு சக்கரங்கள். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பெர்னாட்டுக்குக் கொடுத்துப்போன வண்டி அது. 'எங்க ஊர்ப் பனியிலயே ஓட்டுவேன், ஒருநாளும் விழுந்ததில்ல' என்று சொல்லித்தான் கொடுத்தார்.

பெர்னாட்டுக்கு வயது முப்பத்திரண்டு. ஏற்கெனவே இரண்டு வீட்டில் 'சொல்லியனுப்புறோம்' என்றவர்கள் இன்னும் சொல்லியனுப்பவில்லை. அக்கா முரியல் காலையிலேயே பஸ்ஸில் போய்ப் பெண் வீட்டில் காத்திருந்தாள்.

பெண்ணின் அப்பா ராஃபேல், மீன் படகுகளுக்கு ஐஸ் விற்பவர். வீடு ஐஸ் கொட்டகைக்குப் பின்னால். பெர்னாட் கொட்டகைக்குள் நுழைந்தால், வீட்டு வாசல்வரை தரை முழுக்க உடைத்த ஐஸ்! சன்னாசி என்ற வேலையாள் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"வேற வழி இல்லையாண்ணே?"

"இதுதான் வழி சார்."

ஜன்னல் திரை அசைந்தது. பெண் பார்க்கிறாள்! இறங்கித் தள்ளிக்கொண்டு போவதா? பெர்னாட் மிதித்தான். இரண்டடி போவதற்குள் சக்கரம் ஒருபக்கம், அவன் ஒருபக்கம்.

பனியில் டயர் காற்றைக் கொஞ்சம் இறக்குவாராம் துரை. பெர்னாட்டும் இறக்கினான். கொஞ்சத்தோடு நிற்காமல் முழுக்கப் போனது.

சக்கரத்தில் கயிறும் சுற்றுவாராம்.

"அண்ணே, கயிறு இருக்கா?"

"இருக்குலா சார்!" சன்னாசி ஆசையாக எடுத்துக் கொடுத்தார்.

கயிறு முதலில் பிடித்தது உண்மைதான். பாதி வழியில் அது சங்கிலியையும் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நடுவில் படக்கென்று மடங்க, பெர்னாட் உட்கார்ந்த நிலையிலேயே வழுக்கி, வாசலுக்கு வந்திருந்த ராஃபேலின் காலடியில் போய்ச் சேர்ந்தான்.

"மாதாவே!" என்று முரியல் முகத்தை மூடிக்கொண்டாள்.

சன்னாசி ஓடிவந்தார். "என் தப்புதான் சார், மன்னிச்சுக்குங்க."

மூன்றாவது வீடும் போயிற்று என்று பெர்னாட் நினைத்தான். பிறகு மடங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்தான். கால்சட்டைக்குள் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க தப்பு இல்லண்ணே. துரை பேச்சைக் கேட்டேன் பாருங்க, அது என் தப்பு!"

உள்ளேயிருந்து பெண் லில்லியன் துண்டோடு வந்தாள்.

"அடி பட்டுச்சா?"

"மானத்துக்கு மட்டும்தான்."

அவளும் சிரித்தாள். தேநீர் ஆறுவதற்குள் ராஃபேல் தலையசைத்துவிட்டார். தை மாதம் கோயிலில் திருமணம் என்று முடிவாயிற்று.

ஊரடங்குக்கு முன் தோட்டம் சேர வேண்டும். பஸ்ஸுக்குக் கிளம்பியபோது சன்னாசி சைக்கிளைக் கையில் கொடுத்து, காதோடு சொன்னார்:

"இதுக்கு முன்ன வந்த ரெண்டு மாப்பிள்ளைங்களும் விழுந்ததும் என்னைய கண்டபடி திட்டுனாங்க சார். நீங்க ஒருத்தர்தான் சிரிச்சீங்க. பொண்ணு பாக்க யார் வந்தாலும் ஐஸை உடைச்சுக் கொட்டச் சொல்றது நம்ம லில்லியன் பாப்பாதான்!"