மார்கரெட் அம்மாவை மேலே வைத்தது

"எஸ் மேடம்!" என்று பலமாகத் தலையாட்டி அனுப்பிவிட்ட பிறகுதான், மேடம் என்ன கேட்டார் என்று உலகநாதன் யோசிக்க ஆரம்பித்தான்.

செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் குமாஸ்தா; வீடு மகாபலிபுரத்தில். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்குச் சிபாரிசு செய்ய வேண்டியவர் தலைமை நர்ஸ் மார்கரெட் அம்மா. கப்பலை விட்டு இறங்கி அதிக நாள் ஆகாத வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல உயரம், உயரத்துக்குக் குறையாத பருமன். அந்த அம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் மேஜை முன்னால் வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"மிஸ்டர் உலகநாதன். ப்ளீஸ் புட் மீ அப். டுமாரோ. மகாபலிபுரம்."

யாரிடமாவது அர்த்தம் கேட்கலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரி முழுவதும் அவனை 'இங்கிலீஷ் உலகநாதன்' என்றல்லவா கூப்பிடுகிறார்கள்! இன்டர்மீடியட்டில் அவன் தவறியது இங்கிலீஷில்தான் என்பது வெளியே தெரியாது.

வாட்ச்மேன் தேவசகாயம் கேட்டே விட்டான். "இன்னா சார், நர்ஸம்மா இன்னா சொன்னாங்க?"

"நாளைக்கு எங்க ஊருக்கு வராங்க" என்று சொல்லிவிட்டு உலகநாதன் பஸ் ஏறினான்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது விஷயம் பிடிபட்டது. 'புட்' என்றால் வை. 'மீ' என்றால் என்னை. 'அப்' என்றால் மேலே. என்னை மேலே வை! மகாபலிபுரத்தில் மேலே என்றால் வேறு எது? குன்றின் மேல் இருக்கும் லைட் ஹவுஸ்தான். பாவம், அந்த உடம்பை வைத்துக்கொண்டு பாறையில் ஏற முடியுமா? அதனால்தான் கேட்டிருக்கிறார்.

ஊரில் இறங்கியதும் நேராகக் கல்பட்டறைக்குப் போனான். அங்கே பாரம் தூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி சடையப்பன்.

"ஒரு வெள்ளைக்கார அம்மாவ லைட் ஹவுஸ் வரைக்கும் தூக்கினு போவணும் சடையப்பா."

"கல்லு தூக்குவோம், செலை தூக்குவோம். பொம்பளைய தூக்கினது இல்லியே அண்ணாத்த" என்றான் சடையப்பன். "உடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. மேல வைக்கச் சொன்னாங்க."

மறுநாள் மத்தியானம் பஸ்ஸிலிருந்து மார்கரெட் அம்மா இறங்கினார். கையில் ஒரு பை. பஸ் கூரையிலிருந்து சுருட்டிக் கட்டிய பெரிய படுக்கை ஒன்றும் இறங்கியது. எதிரே இரண்டு மூங்கில்களுக்கு நடுவே ஒரு கை வைத்த நாற்காலியைக் கட்டிக்கொண்டு நாலு பேர் காத்திருந்தார்கள்.

"ப்ளீஸ் மேடம்" என்று உலகநாதன் நாற்காலியைக் காட்டினான்.

அம்மா நாற்காலியைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். இந்த ஊரில் விருந்தாளியை இப்படித்தான் அழைத்துப் போவார்கள் போலிருக்கிறது என்று தீர்மானித்தவர் போல உட்கார்ந்துவிட்டார். மூங்கில் முனகியது. சடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நைனா, செலையே தேவல" என்றான்.

தெரு நாய்கள் குரைக்க, கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்க்க, ஊர்வலம் குன்று ஏறியது. பின்னால் படுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு உலகநாதன். உச்சியில் நாற்காலியை இறக்கியபோது அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மார்கரெட் அம்மா கடலைப் பார்த்துக் கைகொட்டினார். பிறகு மூச்சிரைக்க நின்ற உலகநாதனைப் பார்த்து முகம் வாடி, "ஐ புட் யூ அவுட்?" என்றார்.

உலகநாதன் வார்த்தையைப் பிரித்துப் பார்த்தான். அவுட் என்றால் வெளியே. உன்னை வெளியே வைக்கட்டுமா? எங்கிருந்து வெளியே? வேலையிலிருந்துதான்! நாற்காலி ஆடியது பிடிக்கவில்லையோ?

"நோ மேடம்! ப்ளீஸ் நோ அவுட்!" என்று கும்பிட்டான்.

"நோ?" அம்மாவின் முகம் மலர்ந்தது. "நாட் புட் அவுட். குட்!"

வேலை நூலிழையில் தப்பியது. இனி அம்மாவின் வயிற்றைக் குளிர வைத்தால்தான் முழுசாகப் பிழைக்கலாம் என்று, நாற்காலியை நேராகத் தன் வீட்டுக்கு விடச் சொன்னான்.

மனைவி அம்சா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு அவனைத் தனியே இழுத்தாள். "இன்னாயா இது, படுக்கையோட வந்துகீறாங்க? நம்ம வூட்ல தங்கறதுக்கா?"

"உனுக்கு இன்னா இங்கிலீஷ் தெரியும்? அவங்க மேல போவணும்னு கேட்டாங்க, போயாச்சு. நீ சோத்தப் போடு."

அம்சா வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள். அவள் கை காரம் அந்தத் தெருவே அறிந்தது. மார்கரெட் அம்மா முதல் கவளத்தை வாயில் வைத்தார். முகம் சிவந்தது. கண்ணில் நீர் கொட்டியது. ஒரு செம்புத் தண்ணீர் உள்ளே போனது. ஆனாலும் மரியாதை விடாமல் சிரித்தார். குழம்புச் சட்டியைக் காட்டி, "ஐ புட் அப் வித் திஸ்" என்றார்.

உலகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னாவாம்?" என்றாள் அம்சா.

"மறுபடியும் மேல வைக்கணுமாம். 'வித் திஸ்'ன்றாங்க. கொழம்புச் சட்டியோட!"

"கொழம்போடவா?"

"நான் இன்னா பண்ண? சொல்றவங்க பெரியவங்க!"

அப்போதுதான் மூங்கிலை இறக்கிவிட்டு பீடி பற்ற வைத்திருந்தான் சடையப்பன். விஷயத்தைக் கேட்டதும் பீடி கீழே விழுந்தது. "பேஜாரு புடிச்ச வேலையா கீதே அண்ணாத்த!" ஆனால் குழம்பு வாசனை அவனையும் எட்டியிருந்தது. எழுந்தான்.

இரண்டாவது ஊர்வலம் கிளம்பியது. நாற்காலியில் மார்கரெட் அம்மா. அவர் மடியில் துணி சுற்றிய குழம்புச் சட்டி. பின்னால் சோற்றுக் குண்டானுடன் அம்சா, வாழையிலைக் கட்டுடன் உலகநாதன். இந்தத் தடவை ஊரில் பாதிப் பேர் கூடவே ஏறினார்கள்.

உச்சியில் இலை விரித்தார்கள். தூக்கிய நாலு பேரும் சாப்பிட்டார்கள். லைட் ஹவுஸ்காரரும் இறங்கி வந்து ஒரு இலையில் உட்கார்ந்தார். காரம் தாங்காமல் அம்மா "ஹா ஹா" என்று வாயால் ஊத, அம்சா முந்தானையால் விசிறிவிட்டாள். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அம்மா எழுந்து நின்று தன் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. சடையப்பன் மட்டும் குண்டானில் தாளம் தட்டினான்.

வெயில் தாழ்ந்தபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "நவ் புட் மீ டவுன்" என்றார்.

டவுன் என்றால் கீழே! உலகநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அம்மாவ எறக்குங்கடா!" என்று அவன் போட்ட அதட்டலில் கடல் காகங்கள் பறந்தன.

கீழே வந்ததும் மார்கரெட் அம்மா யாரையும் கேட்கவில்லை. அம்சாவின் வீட்டுக் கூடத்தில் படுக்கையை விரித்தார், கொட்டாவி விட்டார், படுத்துக்கொண்டார். அம்சா புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, அம்சா கட்டிவிட்ட கதம்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை உலகநாதன் பயந்துகொண்டே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தான். விருந்தாளியை மூங்கிலில் கட்டி இரண்டு தடவை மலையேற்றியதற்கு எந்த மேலதிகாரிதான் நன்றி சொல்வார்? வாசலிலேயே தேவசகாயம் பிடித்துக்கொண்டான்.

"சார், நர்ஸம்மா உங்களப் பத்தித்தான் பேசிகினு கீறாங்க. உங்க வேலைய பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியாச்சாம்!"

உலகநாதன் அப்படியே தூணில் சாய்ந்தான். உயிர் வந்ததும் கூடவே பழைய மிடுக்கும் வந்தது.

"பின்ன? அந்தம்மா பேசறது லண்டன் இங்கிலீஷ். எல்லாருக்கும் வெளங்குமா?"

"இன்னா லண்டன்? டென்மார்க்கு சார். அவங்க ஊர்ல பாஷையே வேற. இங்க வந்துதான் பெரிய டாக்டரம்மாகிட்ட வாரத்துக்கு ஒரு வார்த்தையா இங்கிலீஷு படிச்சிகினு கீறாங்க. போன வாரம் 'புட்'டு: 'புட் அப்'னா வூட்ல தங்க வைக்கிறது, 'புட் அவுட்'னா தொந்தரவு குடுக்கறது, 'புட் அப் வித்'னா பொறுத்துக்கறது. தப்புத் தப்பா பேசறமோன்னு நடுங்கிகினே வந்தாங்களாம், நீங்க ஒருத்தருதான் ஒரு வார்த்த வுடாம புரிஞ்சிகினு செஞ்சீங்களாம். இந்த வாரம் 'கெட்'டு சார், சனிக்கெழம வராங்களாம்!"