சுவருக்கு அம்மை போட்ட கதை

என் தங்கை கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்திய ஆள் நான்தான். ஜாதகத்தாலோ சீர்வரிசைச் சண்டையாலோ அல்ல. ஒரு வாளிச் சுண்ணாம்பால்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையில் வேலை. கடை விஷயமாக மதுரைக்குப் போனவன், அங்கே புதிதாகக் கட்டிய ஒரு பங்களாவின் முன்னறையைப் பார்த்துவிட்டேன். சுவர் வழவழப்பாக இல்லை. பூப்பூவாய்ப் புடைத்து, வெயில் படும் இடமெல்லாம் குட்டிக் குட்டி நிழல் விழுந்து, அவ்வளவு அழகு. கொத்தனாரிடம் விவரம் கேட்டேன். சுண்ணாம்பையும் மணலையும் கெட்டியாகக் குழைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கொஞ்சம் கருப்பட்டிப் பாகும் விட்டு, விளக்குமாற்றில் தொட்டுச் சுவரில் விசிற வேண்டுமாம். கை பழகவே பத்து வருஷமாகும் என்றும் சொன்னார். (அதற்குள் நான் பஸ்ஸுக்கு நடக்க ஆரம்பித்திருந்தேன்.)

வெள்ளிக்கிழமை நத்தத்திலிருந்து தங்கை கோமதியைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. எங்கள் முன்னறைச் சுவரோ, வந்து சாய்ந்தவர்களின் தலையெண்ணெய் எல்லாம் ஏறி வரைபடம் மாதிரி இருந்தது. வெள்ளையடித்தால் போதும் என்று சொல்லிவிட்டு அப்பா செம்பட்டிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

பாகு கொஞ்சம் போதும் என்றால் நிறைய ஊற்றினால் நிறையப் பிடிக்கும் அல்லவா? ஒரு கருப்பட்டி வட்டு போக வேண்டிய இடத்தில் ஆறு வட்டு போனது. வெறும் வெள்ளை எடுப்பாக இருக்காது என்று தோன்றவே, பாதியில் காவிப்பொடியையும் அள்ளிப் போட்டேன். ரோசாப்பூ நிறம் வரும் என்று நினைப்பு. பிறகு அப்பா சொன்னபடி சுவருக்கு ஒரு பூச்சு வெள்ளையடித்துவிட்டு, விளக்குமாற்றை முக்கி வீசினேன். முதல் வீச்சு சுவரில் விழுந்தது. இரண்டாவது என் மூக்கிலும், மூன்றாவது மாட்டியிருந்த தாத்தா படத்திலும். சாயங்காலம் வேலை முடிந்து பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். வெள்ளைச் சுவர் நெடுகச் சிவப்புச் சிவப்பாய், கொப்புளம் கொப்புளமாய்...

வாளி பிடித்துக்கொண்டிருந்த கோமதி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, செவத்துக்கு அம்ம போட்ட மாதிரி இருக்கு."

பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா வந்து பார்த்தார். அதையேதான் அவரும் சொன்னார். ஆனால் தெரு முழுக்கச் சொன்னார். மறுநாளே எங்கள் வீட்டுக்கு 'அம்ம வீடு' என்று பெயர் விழுந்துவிட்டது. ஊரிலிருந்து திரும்பிய அப்பா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சுரண்டச் சொன்னார். சுரண்டினால் பாகோடு சேர்ந்து இழுபட்டு இன்னும் கோரமானது. அப்படியே விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு, கோமதிக்குத் தலை நிறையப் பூ வைத்துக் காத்திருந்தோம். யாரும் வரவில்லை. பஜ்ஜி ஆறி, தோல் மாதிரி ஆனது. மத்தியானத்துக்கு மேல் முத்தம்மா அக்கா வந்து, "விருந்தாளுக போய்ட்டாகளா மதினி? நாந்தேன் வழி சொல்லிவிட்டேன்" என்றார், அம்மாவிடம் ரொம்பப் பெருமையாக.

விசாரித்ததில் முழு விவரமும் வந்தது. தெருமுனைக் குழாயடியில் அவர்கள் பூட்டுக்கடைத் தம்பி வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். "அந்த அம்ம போட்ட வீடா?" என்று அக்கா கேட்டிருக்கிறார். எத்தனை நாளாச்சு என்று அவர்கள் பதற, சுவரை மனதில் வைத்துக்கொண்டு அக்கா நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறார்: "ரெண்டு நாளாச்சு, இன்னும் காயல. நீங்க பாட்டுக்குத் தொட்டுறாதீக, ஒட்டிக்கிரும்."

அடுத்த பஸ்ஸுக்கே நத்தம் திரும்பிவிட்டார்கள்.

கோமதி தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, பட்டுச்சேலையை மடிக்க உள்ளே போனாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நத்தம் போனேன். மாப்பிள்ளையின் அப்பா புளி வியாபாரி. என்னைக் கண்டதும் வாசல் படலைச் சாத்திவிட்டு, உள்ளே நின்றபடியே கேட்டார்.

"வீட்டுல யாருக்கு அம்ம போட்டிருக்கு அப்பு?"

"செவத்துக்குங்க ஐயா."

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார் போலும். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதுகையும் காட்டச் சொன்னார். தெருவே வேடிக்கை பார்க்க அதையும் காட்டினேன். பிறகு சாட்சிக்காகக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த சுவர்க் கொப்புளம் ஒன்றை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா அலறிக்கொண்டு உள்ளே ஓடினார். மாப்பிள்ளை சுந்தரம்தான் படலைத் திறந்து வந்து, அதை வாங்கி நசுக்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, "கருப்பட்டி வாசமடிக்குதுப்பா" என்று சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தார்கள். அதற்குள் சுவர் பாறையாய் இறுகியிருந்தது. புளி வியாபாரி யாரையும் கவனிக்காமல் நேரே சுவரிடம் போய் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையில் கீறல் விழுந்தது. கோமதி காபித் தட்டோடு வந்தாள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று எதுவும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"இத யாரும்மா பண்ணுனது?"

"அண்ணன்தான். பாதியிலேயே நிறுத்துன்னேன், கேக்கல."

"பொண்ணுக்குப் புத்தி இருக்கு" என்று மனைவியிடம் திரும்பிச் சொன்னார். அங்கேயே தட்டு மாற்ற நாள் பார்த்தார்கள்.

கல்யாணத்துக்கு முன் சுவரைக் கொத்திவிடலாம் என்று ஆள் கூப்பிட்டோம். இரண்டு உளி முனை மழுங்கியதுதான் மிச்சம். ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு மறைத்தோம். அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது; அதன் மேல் எத்தனை முறை வெள்ளையடித்தும் கொப்புளம் மட்டும் அமுங்கவில்லை.

அம்மை இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் இல்லையா? சுந்தரம் மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், எல்லாருடைய நலமும் விசாரித்து முடித்த பிறகு, கடைசியில் ஒரு வரி இருக்கும்: "செவத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சா மச்சான்?"