பரணில் புதைந்த தூண்டில்கள்

இம்முறை மனைவியிடம் தோற்பதில்லை என்று கன்ஜி உறுதிபூண்டார். அந்த வீரத்துக்குக் காரணம் அவர் நெஞ்சில் இல்லை. வீட்டுப் பரணில் இருந்தது. மீன்பிடிப்பதையே விட்டுவிட்டதாக மனைவி ஃபுமியே அம்மையாரிடம் சத்தியம் செய்த பிறகு வாங்கிய நீண்ட கடல் தூண்டில்கள் அங்கே கிழக்கு மூலையில், போர்வைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

வடக்குக் கடலோர ஊரான ருமோயில் பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு ஹீட்டர் இரவும் பகலும் எரிந்தும், சூடெல்லாம் கூரை வழியே வானத்தைச் சூடாக்கப் போய்விட்டது. ஆகவே, பரணில் குளிர்காப்பு போட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எதைப் போடுவது என்பதில்தான் போர் மூண்டது.

"குளிர்காப்புப் பலகையா வாங்கி அடுக்கிடலாங்க. பரணை மொத்தமாக் காலி பண்ணிட்டா வேலை சுலபம்," என்றார் அம்மையார்.

'காலி' என்ற சொல்லைக் கேட்டதும் கன்ஜி துள்ளி எழுந்தார்.

"பலகையா? வேண்டவே வேணாம்! இடுக்கு விழும், சூடு ஓடிடும். உதிரிப் பஞ்சுதான் சரி. குழாயை உள்ள விட்டு ஊதினா, தண்ணி மாதிரிப் பரவி எல்லாத்தையும் மூடிடும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லா... இடுக்கையும்."

"அப்ப கண்ணாடிப் பஞ்சை ஊதச் சொல்லுவோம்."

கண்ணாடிப் பஞ்சு பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். பின்னாளில் அதற்குள் கைவிட்டுத் துழாவப்போகிறவர் அவரல்லவா!

"ஐயோ, அது அரிக்கும்!"

"யாருக்குங்க? கூரைக்கா?"

"எலிக்கு."

"எலிமேல இவ்ளோ பாசமா! என்மேல காட்டியிருக்கலாம்."

"பேச்சை மாத்தாதே. பழைய செய்தித்தாளை அரைச்சு, தீப்பிடிக்காம மருந்து கலந்த காகிதப் பஞ்சு இருக்கு. மெத்துன்னு இருக்கும். அதுதான் வேணும்!"

அம்மையார் அவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

திருமணமான நாள்முதல் கன்ஜியின் காதில் விழாத வாக்கியம் அது. அவர் ஐயப்பட்டிருக்க வேண்டும். மாறாக, மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

பஞ்சு ஊத வந்தவர் பரணுக்குள் எட்டிப் பார்த்து, "மூலையில என்னமோ சுருட்டி வெச்சிருக்கே, ஐயா?" என்றார்.

"பழைய குழாய். அதுமேலேயே ஊதுங்க, தாராளமா ஊதுங்க!"

முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் பஞ்சு நிரம்பியது. தூண்டில்கள் நிம்மதியாக உறங்கின. வீடும் கதகதப்பானது. கூரைமேல் விழுந்த பனி உருகாமல், வெட்டி வைத்த தோஃபு என்னும் சோயாப் பால்கட்டிபோல் வெள்ளை வெளேரென்று நின்றது. சூடு சிறிதும் கசியவில்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுமா? பனி அள்ள வந்த அக்கம்பக்கத்தாரையெல்லாம் நிறுத்தி, "என் தேர்வு!" என்று கன்ஜி கூரையைச் சுட்டிக்காட்டினார். தெருவில் அவரைக் கண்டாலே ஆட்கள் சந்து மாறி நடந்தனர்.

பிறகு, கடலில் மீன் கடிக்கிறது என்ற செய்தி வந்தது. அம்மையார் பக்கத்து வீட்டு ஒகிமி அம்மாளுடன் வெந்நீர் ஊற்றுக்குக் கிளம்பிய மாலையில், கன்ஜி வீட்டின் நடுவே இருந்த அலமாரியின் மேல்திறப்பு வழியே பரணுக்குள் ஏறினார். பஞ்சுக்குள் நீந்தினார். கிழக்கு மூலையைத் தோண்டித் தூண்டில்களை மீட்டு, காருக்குள் ஒளித்து, தலைமயிரில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்குவரை தட்டித் துடைத்தார். தடயமே இல்லை. பேரரசரைப்போல் உறங்கினார்.

இரவெல்லாம் பனி கொட்டியது. விடிந்ததும், ஊற்றிலிருந்து திரும்பியிருந்த அம்மையாரின் குரல் வாசலிலிருந்து வந்தது.

"என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

தெருவே அண்ணாந்து நின்றிருந்தது. கூரை முழுவதும் வெண்பனி. நடுவிலிருந்து கிழக்கு மூலைவரை மட்டும், ஓர் ஆள் தவழ்ந்த அகலத்துக்குப் பனி உருகி, கறுத்த தகரம் பளபளத்தது. கோட்டின் முடிவில், தூண்டில் நீளத்துக்கு ஒரு பள்ளம்.

"பஞ்சு விலகின இடத்துல சூடு கசியுதுங்க," என்றார் அம்மையார். "பலகை போட்டிருந்தா இப்படிக் காட்டிக்கொடுக்குமா? அதனாலதானே அன்னைக்கு உங்க பேச்சுக்குச் சரின்னேன். கார் சாவியைக் குடுங்க."

அன்று பகல் முழுவதும் கன்ஜி பரணில் மண்டியிட்டுப் பஞ்சைச் சமப்படுத்தினார். மாலையில் ஒகிமி அம்மாளுடன் கடற்கரையிலிருந்து திரும்பிய அம்மையார், மீன் கூடையுடன் கீழே நின்று மேல்நோக்கிக் குரல் கொடுத்தார்:

"உங்க தேர்வே தேர்வுங்க! என்னமா இழுக்குது அந்தத் தூண்டில்!"