வால்வு பாயும் ரைட்டர் வீட்டு ரேடியோவும்

ஏற்காடு மலையில் இருக்கிற அத்தனை வீட்டு ரேடியோக்களின் முதுகையும் பார்த்த ஒரே மனிதர் எங்கள் வால்வு பாய்தான். வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்ப்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மிளகும் காபித்தூளும் விற்பார். மிச்ச நேரம் கிடார். நான் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். முகூர்த்த நாட்களில் அவர் குழுவின் பாட்டுக்காரி. ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு எஸ்டேட் துரை விட்டுப்போன வால்வு ஆம்ப்ளிஃபயர் பாயிடம் இருந்தது. உள்ளே பல்பு மாதிரி கண்ணாடி வால்வுகள். அவை சூடானால்தான் கிடார் வாயைத் திறக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் வந்து நின்றாலும் பாய் கையை உயர்த்திவிடுவார். "ரெண்டு நிமிசம் பொறுங்க. சூடேறட்டும்."

அந்த ரெண்டு நிமிஷத்தில் சரித்திரம் வேறு. ஆதியில் கிடார்க்காரர்களுக்கென்று ஆம்ப்ளிஃபயரே கிடையாதாம். ரேடியோவின் முதுகில் கிராமபோனுக்காக விட்டிருக்கும் ஓட்டையில் வயரைச் சொருகித்தான் வாசித்தார்களாம். பிறகுதான் தனிப் பெட்டி வந்ததாம். விடலைகள் சத்தத்தை அளவுக்கு மீறிக் கூட்ட, வால்வு திணறிக் கரகரத்ததாம். அந்தக் கரகரப்பே உலகத்துக்குப் பிடித்துப்போனதாம். இதை எத்தனை மாமனார்களிடம் சொல்லியிருப்பார்! பந்திக் கவலையில் இருக்கிற மனுஷனிடம் சொல்கிற விஷயமா இது?

குப்பனூர்க் கல்யாணம் ஒன்றில் ஜோடி வால்வில் ஒன்று புகைந்து செத்தது. மற்றது ஒற்றைச் செருப்பாக நின்றது. நான் பரிதாபப்பட்டு ஆன்லைனில் புது ஜோடி வரவழைத்துக் கொடுத்தேன். மாட்டி, வாசித்து, கழற்றி, டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நொம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி, போட்டோவுல இருக்கற பிரியாணியாட்டம்."

பழைய வால்வுக்குப் பழைய வால்வுதான் ஜோடியாம். அது பழைய ரேடியோக்களில்தான் கிடைக்குமாம். அன்றிலிருந்து தொடங்கியது வேட்டை. துக்க வீட்டுக்குப் போனாலும் கண் அலமாரி மேல்தான். தங்கை மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், வீட்டில் ரேடியோ உண்டா என்று கேட்டுவைத்தார். சீர் கேட்கிறார் என்று பதறிய பெண்ணின் அப்பா, பெரிய டிவியே தருவதாகச் சொன்னார். டிவியில் வால்வு இல்லையே என்று பாய் வருத்தப்பட்டாராம்.

கடைசியில் நாகலூரில் அகப்பட்டது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவரின் வீடு. அவர் மனைவி தினம் சாயங்காலம் கேட்ட ரேடியோ. மனைவி போன பிறகும் அதே நேரத்துக்கு அவர் அதைப் போட்டு வைப்பார். தர மாட்டேன் என்றார். பாய் மாசா மாசம் காபித்தூளோடு போனார். நாலு வருஷம்!

ஒரு நாள் ரைட்டரே போன் செய்து, சாமான்களோடு உடனே வரச்சொன்னார். ரேடியோவைத் தரத்தான் கூப்பிடுகிறார் என்று பாய்க்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரையும் கிடாரையும் என்னையும் நாகலூர் பஸ்ஸில் ஏற்றினார். ஆம்ப்ளிஃபயரை சீட்டில் வைத்துவிட்டுத் தான் நின்றார். கண்டக்டர் முறைத்தார். "நான் நின்னுக்குவனுங்க. அதுக்கு வயசாயிடுச்சு" என்றார் பாய்.

ரைட்டர் வாசலிலேயே நின்றிருந்தார். ஷேவ் பண்ணாத முகம்.

"ஏனுங்க பாய், ரேடியோ மூணு நாளாப் பேசலீங்க. ஊட்ல இருக்க முடியல. நீங்கதான் பாக்கோணும்."

பாய் ரேடியோவைத் திருப்பி, முதுகைத் திறந்தார். நாலு வருஷமாக ஆசைப்பட்ட அதே வால்வு, கருகிப் போயிருந்தது. பாய் தன் ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பினார். அவர் அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் பாய் என்று சொல்லத்தான் நினைத்தேன்; ரைட்டர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

பாய் ஆம்ப்ளிஃபயரிலிருந்து தன் ஒற்றை வால்வைக் கர்சீப்பால் பிடித்துக் கழற்றி, ரேடியோவில் மாட்டினார். "ரெண்டு நிமிசம் பொறுங்க. சூடேறட்டும்."

உள்ளே மெல்ல மஞ்சள் வெளிச்சம். கரகரவென்று ஏதோ விவசாய நிகழ்ச்சி. மஞ்சளுக்கு என்ன உரம் போடுவது என்று யாரோ பேசினார். ரைட்டர் அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதார்.

அப்புறம் பாய் கூச்சத்தோடு, ஒரு தடவை தானும் வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டார். கிடார் வயரை ரேடியோவின் முதுகு ஓட்டையில் சொருகினார். அந்தச் சத்தம் வந்தது. குப்பனூரில் செத்துப்போன அதே சத்தம், கொஞ்சம் சின்னதாக. இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்த நான் தரையில் உட்கார்ந்து கேட்டேன். அன்று நான் பாடவில்லை.

அதற்குப் பிறகு பாய் ஞாயிறுதோறும் கிடாரை மட்டும் எடுத்துக்கொண்டு நாகலூர் பஸ் ஏறினார். ஆம்ப்ளிஃபயர் கடையிலேயே கிடந்தது. அதன் மேல் மிளகுத் தராசு உட்கார்ந்துகொண்டது. ரைட்டர் முதலில் போனார், போன மழைக்காலத்தில் பாயும் போய்விட்டார்.

நான் இப்போதும் கல்யாணங்களில் பாடுகிறேன். புதுப் பையன்கள் சுவிட்சைத் தட்டியதும் கிடார் கேட்டுவிடுகிறது. நான்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்ல யாராவது கையை உயர்த்துவார்களா என்று பக்கத்தில் பார்க்கிறேன்.